தன்னார்வலர்கள் வருகிறார்கள், நிற்பதில்லை: சிறிய அறக்கட்டளைகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மாலை நேரப் படிப்பகம் நடத்துவது, பார்வையற்ற மாணவர்களுக்கு வாசித்துக் காட்டுவது, அவர்களுக்காகத் தேர்வு எழுதப் போவது, படுக்கையில் கிடக்கும் முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்ப்பது. தமிழ்நாட்டின் சிறிய அறக்கட்டளைகள் பலவும் செய்துவரும் வேலைகள் இவை. இவற்றை நடத்துபவர்கள் தன்னார்வலர்களைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், இந்த வேலையை ஒருங்கிணைத்துவரும் அனுபவத்தில் எனக்குப் பட்ட பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லா அறங்காவலர்களும் இவற்றை ஏற்றுக்கொள்வார்கள் என்று நான் நினைக்கவில்லை.

முகநூலில் அழைப்பு வெளியிட்டால் ஐம்பது பேர் பெயர் கொடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்பது நான்கு பேர். ஏன்?

உங்கள் அழைப்பை எடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். "சமூக சேவையில் ஆர்வமுள்ள இளைஞர்கள் தொடர்புகொள்ளவும்" என்றுதான் பெரும்பாலும் இருக்கும். ஆர்வம் யாருக்குத்தான் இல்லை? அதைப் படித்தவர் கைப்பேசியில் விரலை வைத்துத் தன் ஆர்வத்தைத் தெரிவித்துவிட்டார். அவர் அளவில் வேலை முடிந்துவிட்டது.

இப்படி எழுதிப் பாருங்கள்: "ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேருக்குப் பின்னமும் தசமமும் சொல்லித்தர ஒருவர் தேவை. செவ்வாய், வியாழன் மாலை 5.30 முதல் 7 வரை. ஜூன் மாதம் தொடங்கி காலாண்டுத் தேர்வு வரை. பஸ் நிறுத்தத்திலிருந்து ஐந்து நிமிட நடை." இதற்கு ஐம்பது பேர் பெயர் கொடுக்க மாட்டார்கள். மூன்று பேர் கொடுப்பார்கள். அந்த மூவரும் தங்கள் செவ்வாய்க்கிழமையையும் பஸ் நேரத்தையும் மனத்துக்குள் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகே கொடுத்திருப்பார்கள். அவர்களை நம்பலாம்.

இன்னொரு காரணம் நம் தாமதம். பெயர் கொடுத்தவரை இரண்டு நாளுக்குள் ஒருவர் அழைத்துப் பேச வேண்டும். பதினைந்து நாள் கழித்து வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு "அனைவரையும் வரவேற்கிறோம்" என்று ஒரு பூங்கொத்துப் படம் அனுப்பினால் யாரும் வரப்போவதில்லை.

எங்கே போய்த் தேடுவது? கல்லூரிகளிலா?

கல்லூரிகளை விட்டுவிடச் சொல்லவில்லை. நாட்டு நலப்பணித் திட்டம் 1969 செப்டம்பர் 24இல் தொடங்கியது. அதில் சேரும் மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் பணி செய்ய வேண்டும். திட்ட அலுவலரைப் பார்த்துப் பேசினால் ஆட்கள் கிடைப்பார்கள். ஆனால் பருவத் தேர்வு மாதங்களில் ஒருவரும் இருக்க மாட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தேர்வு நெருங்கும் அதே மாதங்கள்தான் அவை. எனவே அன்றாடப் பாடத்தை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள். நூலக அடுக்கைச் சீர்செய்வது, விளையாட்டு, கோடை முகாம், கணக்கெடுப்பு என்று தொடக்கமும் முடிவும் உள்ள வேலைகளைக் கொடுங்கள்.

ஆண்டு முழுவதும் நிற்பவர்கள் பக்கத்துத் தெருவில் இருக்கிறார்கள். 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பரவியபோது, ஊதியமில்லாமல் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர்களில் அந்தந்த ஊர்ப் பெண்களே ஏராளம். கற்பித்தவர்களும் கற்றவர்களும் சேர்ந்து சைக்கிள் ஓட்டப் பழகிய கதை பலருக்கும் தெரியும். பெருந்தொற்றுக்குப் பிறகு, 2021 அக்டோபரில், தமிழக அரசு மரக்காணம் அருகே தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டமும் அந்தந்தக் குடியிருப்பிலேயே படித்த ஆட்களைத் தேடியது. தொடக்க வகுப்புகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர், ஆறு முதல் எட்டு வரை பட்டம் பெற்றவர் என்று தகுதி வைத்தார்கள். படித்துவிட்டுத் திருமணமாகி வீட்டோடு இருக்கும் பெண்கள் ஒவ்வொரு தெருவிலும் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் பலருடைய கண்ணில் பட்டது.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்கள், ஆசிரியர்கள், அஞ்சல் துறையினர் அடுத்த நல்ல வட்டம். நேரம் தவற மாட்டார்கள். கணக்கு எழுதத் தெரியும். சில சமயம் உங்களையே நிர்வகிக்கத் தொடங்கிவிடுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். இவர்களைச் சுவரொட்டியால் பிடிக்க முடியாது. ஏற்கெனவே வந்துகொண்டிருக்கும் ஒருவர் "சார், நீங்களும் ஒரு நாள் வந்து பாருங்கள்" என்று நடைப்பயிற்சியின்போது சொன்னால் வருவார்கள்.

ஒரு நிறுவனம் தன் ஊழியர்கள் நாற்பது பேரை ஒரு சனிக்கிழமை அனுப்புவதாகச் சொல்கிறது. சரி என்று சொல்லலாமா?

நாற்பது பேருக்கு அன்று வேலை இருந்தால் சொல்லுங்கள். இல்லாத வேலையை உண்டாக்காதீர்கள். சென்ற ஆண்டு ஒரு நிறுவனம் வண்ணமடித்த சுவருக்கு இந்த ஆண்டு இன்னொரு நிறுவனம் வண்ணமடிக்கும் பள்ளிகள் உண்டு. பிள்ளைகள் வரிசையில் நின்று கைதட்டுவார்கள். அவர்களுடைய சனிக்கிழமையைத்தான் நாம் செலவழிக்கிறோம் என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஒரு தகவலை மனத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். 2013 நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவின் கீழ் வரும் நிறுவனங்கள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். ஊழியர்கள் வந்து உழைத்த நேரத்துக்கு விலை போட்டு அந்தச் செலவில் சேர்க்க முடியாது என்பது அரசு தந்துள்ள விளக்கம். ஆகவே ஊழியர் வருகையும் நிதியுதவியும் வெவ்வேறு. ஒன்றை ஏற்றால் மற்றது தானாக வரும் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

நான் கேட்டுப் பார்ப்பது இதுதான்: நாற்பது பேர் ஒரு நாள் வருவதற்குப் பதிலாக, நான்கு பேர் மாதம் ஒரு மாலை என்று ஆறு மாதம் தர முடியுமா? ஒருவர் கணக்குப் பதிவைக் கணினிக்கு மாற்றட்டும், ஒருவர் பத்தாம் வகுப்புக்கு ஆங்கிலம் பேசப் பழக்கட்டும். சில நிறுவனங்கள் இதைக் கேட்டதும் பதில் போடுவதையே நிறுத்திவிடும். அதில் நமக்கு நட்டமில்லை.

இலவசமாக உழைக்க வருபவரை உட்காரவைத்து நேர்காணல் செய்வது மரியாதைக் குறைவு அல்லவா?

இல்லை. குழந்தைகள் இருக்கும் இடமாக இருந்தால் நேர்காணல் செய்யாமல் உள்ளே விடுவதுதான் குற்றம். அடையாளச் சான்றைப் பாருங்கள். அவரை அறிந்த இருவரிடம் தொலைபேசியில் விசாரியுங்கள். தமிழ்நாடு காவல்துறையின் இணையதளம் வழியே நன்னடத்தைச் சரிபார்ப்புக்கு விண்ணப்பிக்கலாம். நல்லெண்ணத்தோடு வருபவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். சிணுங்குபவரை இன்னும் இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

சில விதிகளுக்கு விலக்கே கூடாது. ஒரு பெரியவரும் ஒரு குழந்தையும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளையைத் தன் வண்டியில் வீட்டில் கொண்டுபோய் விடக் கூடாது. தனிப்பட்ட எண்ணில் செய்தி அனுப்பக் கூடாது. படம் எடுத்துத் தன் பக்கத்தில் போடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழந்தைக்கு எதிராகப் பாலியல் குற்றம் நடந்திருப்பதாகத் தெரியவந்தால், அல்லது நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தால், யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். குற்றத்தைத் தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. தனக்குக் கீழுள்ளவர் செய்ததை நிறுவனப் பொறுப்பாளர் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை போகும். "அறக்கட்டளையின் பெயர் கெட்டுவிடும், உள்ளுக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்று சொல்லும் அறங்காவலர் தன்னையும் சேர்த்துத்தான் மாட்டிவிடுகிறார். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும்படி எழுதிவையுங்கள்.

பெண் தன்னார்வலர்களின் பாதுகாப்புக்கு நாங்கள் பொறுப்பா? அவர்கள் ஊழியர்கள் இல்லையே?

பொறுப்புதான். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம், ஊதியம் பெறாமல் தன்னார்வமாக உழைப்பவரையும் ஊழியர் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவிலான குழுவிடம் புகார் தரலாம். இதுவரை நீங்கள் தன்னார்வலர்களை எண்ணிக்கையில் சேர்க்காமல் இருந்திருந்தால் இப்போது சேர்த்து எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தோடு நின்றுவிட வேண்டாம். வகுப்பு 7 மணிக்கு முடியும் என்றால் 7 மணிக்கு முடியட்டும். வீடு தேடிப் போகும் பணிக்கு இருவராக அனுப்புங்கள்.

பணம் கொடுக்கலாமா? போக்குவரத்துச் செலவாவது?

போக்குவரத்துச் செலவைக் கட்டாயம் கொடுங்கள். அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கேட்கக் கூச்சப்பட்டே நின்றுபோகிறவர்கள் உண்டு. பஸ் டிக்கெட் கட்டணமும் ஒரு தேநீரும் தர முடியாத திட்டம் தன்னார்வலர் பையிலிருந்து நடக்கிறது என்றுதான் அர்த்தம். வவுச்சர் எழுதி, கையெழுத்து வாங்கி, அன்றன்றே கொடுங்கள்.

மதிப்பூதியம் வேறு விஷயம். இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் தந்தார்கள். தினமும் ஒன்றரை மணி நேரம் வரை இருபது பிள்ளைகளோடு அமர்ந்தவருக்கு அது கூலியாகாது, ஒரு கைகொடுப்பு. அப்படித் தருவதில் தவறு இல்லை. ஆனால் மூன்று பேருக்குத் தந்து நான்காமவரை விட்டுவிட்டால் அந்த மாதமே பிளவு வரும். நேரம் குறித்து, விடுப்பு எழுதவைத்து, மாதாமாதம் ஒரு தொகையும் தந்தால் அவர் தன்னார்வலரா ஊழியரா என்ற கேள்வி சட்டப்படியும் எழலாம். ஆடிட்டரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

பணமே கலக்கக் கூடாத பணிகளும் உண்டு. ரத்த தானம் அப்படி. காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் தந்த தீர்ப்பின்படி 1998 ஜனவரி முதல் இந்தியாவில் நிறுத்தினார்கள். காசு கிடைக்கிறது என்றால் நோயை மறைத்துவிட்டு வருபவர் இருப்பார் என்பதுதான் அதன் பின்னணி.

ஒருவர் கொடுத்த நேரத்துக்கு 80ஜி ரசீது, அதாவது நன்கொடைக்கு வருமான வரிச் சலுகை பெற உதவும் ரசீது, தர முடியுமா என்றும் கேட்கிறார்கள். முடியாது.

எவ்வளவு பயிற்சி தேவை?

வேலையைப் பொறுத்தது. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கி மலப்புறம் பகுதியில் அக்கம்பக்கத்து வலைப்பின்னலாக வளர்ந்த நோய்த்தணிப்புச் சிகிச்சை (தீராத நோயில் வலியையும் வேதனையையும் குறைக்கும் பராமரிப்பு) இயக்கம், வாரத்துக்கு இரண்டு மணி நேரமாவது தர முடிந்தவரையே சேர்த்துக்கொண்டது. 16 மணி நேர வகுப்பு, பிறகு அனுபவமுள்ளவர்களோடு நான்கு முறை நோயாளிகள் வீட்டுக்குப் போய்வருவது. அதன் பிறகுதான் பொறுப்பு. புற்றுநோயாளியின் வீட்டு வாசலில் போய் நிற்பவருக்கு என்ன பேசுவது என்பதைவிட எப்போது பேசாமல் இருப்பது என்று தெரிய வேண்டும். அதை அறிவுரைத் தாளில் எழுதித் தர முடியாது, கூடப் போய்ப் பார்த்தால்தான் வரும்.

எனக்கு அதிகம் பழக்கமான பணி, பார்வையற்ற மாணவர்களுக்குத் தேர்வில் சொல்வதை எழுதுபவராகப் போவது. "தமிழ் எழுதத் தெரிந்தால் போதுமே, இதற்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பார்கள். கேட்பவர் அந்தத் தேர்வறையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில்லை. முதலில், வினாத்தாளை வாசிக்க வேண்டும். "எவையேனும் ஐந்தனுக்கு" என்ற வரியை விழுங்கிவிட்டு ஏழு கேள்விகளையும் வாசித்தால் மாணவர் ஏழுக்கும் பதில் சொல்லி நேரத்தைத் தொலைப்பார். பொருத்துக என்றால் இரண்டு பக்கத்தையும் முழுதாக இரண்டு முறை வாசிக்க வேண்டும். வரைபடம் இருந்தால், விடை தெரியாதபடி அதை விவரிக்க வேண்டும்.

அடுத்தது எழுதுவது. அவர் சொன்னதை மட்டும் எழுத வேண்டும். அவர் தவறாகச் சொன்னால் தவறாகவே எழுத வேண்டும். நல்ல மனம் படைத்த தன்னார்வலர்கள் தடுமாறும் இடம் இதுதான். "பாவம், ஒரு வரி சேர்த்தால் என்ன" என்று கை போகும். அது மாணவருக்கே ஆபத்து, தேர்வே ரத்தாகலாம். கூடவே, தன் பதிலைத் தானே எழுதித் தேறினேன் என்று சொல்லும் உரிமையை அவரிடமிருந்து பறிப்பதும் ஆகும். எழுதியதைத் திரும்ப வாசிக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் வாசிக்க வேண்டும். பரவாயில்லை, நேரம் இருக்கிறது: 2018இல் வெளியான மத்திய அரசு வழிகாட்டியின்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மாணவரே ஆளை அழைத்துவந்தால், அவருடைய கல்வித் தகுதி தேர்வரைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அது சொன்னது. இந்த விதிகள் வாரியத்துக்கு வாரியம் வேறுபடும், மாறவும் செய்யும். ஒவ்வொரு முறையும் அந்தத் தேர்வின் அறிவிப்பைப் படித்துவிட்டு ஆளை அனுப்புங்கள். பட்டதாரியைக் கூட்டிப்போய் வாசலில் திருப்பி அனுப்பப்படுவது எப்போதும் தேர்வு தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போதுதான்.

கடைசியாக, மாற்று ஆள். படிப்பகத்துக்கு ஒருவர் வராவிட்டால் பிள்ளைகள் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பார்கள். இங்கே ஒருவர் வராவிட்டால் ஒரு மாணவரின் ஆண்டு போய்விடும். ஒவ்வொரு தேர்வுக்கும் இரண்டாவது ஆள் ஒருவர், தகுதி ஆவணத்தோடு, அழைத்தால் வரும் தொலைவில் இருக்க வேண்டும். முந்தைய நாள் இரவு இருவரிடமும் பேசி உறுதிசெய்ய வேண்டும். செய்தி அனுப்பி நீலக் குறி பார்த்தால் போதாது, குரல் கேட்க வேண்டும்.

நான்கு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறார்களே, எப்படித் தக்கவைப்பது?

நின்றவர்களிடம் கேட்டீர்களா? பெரும்பாலான அறக்கட்டளைகள் கேட்பதில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பை எழுதுகின்றன. கேட்டுப் பார்த்தால் வரும் பதில்கள் சாதாரணமானவை. போனபோது கதவு பூட்டியிருந்தது. எந்தப் பாடம் என்று யாரும் சொல்லவில்லை. சென்ற வாரம் நடத்தியதையே இன்னொருவர் மறுபடி நடத்திக்கொண்டிருந்தார். நிறுவனர் வந்து ஒரு மணி நேரம் பேசினார், பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இதில் தியாக உணர்வு எங்கே குறைந்தது? வேலை தயாராக இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கோடு போட்ட நோட்டை வகுப்பறையில் வையுங்கள். இன்று என்ன நடந்தது, யாருக்குப் புரியவில்லை, அடுத்து என்ன என்று மூன்று வரி. அடுத்து வருபவர் அதைப் படித்துவிட்டுத் தொடங்குவார். பொன்னாடையும் கேடயமும் தருவதைவிட இது ஆளைப் பிடித்துவைக்கும்.

காலக்கெடு வையுங்கள். முடிவே இல்லாத பொறுப்பு என்றால் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல்தான் வெளியேறுவார்கள். ஆறு மாதம் என்று பேசி, முடியும்போது "தொடர்கிறீர்களா, போதுமா?" என்று கேட்டால் பலர் தொடர்வார்கள். போதும் என்பவரை நன்றி சொல்லி அனுப்பினால் இரண்டு ஆண்டு கழித்து வேறு ஊரிலிருந்து நன்கொடை அனுப்புவார், அல்லது தன் தங்கையை அனுப்புவார்.

தவறாமல் வருகிறார், நன்றாகவும் சொல்லித்தருகிறார். ஆனால் பிள்ளைகளிடம் "நீ எந்தத் தெரு?" என்று கேட்கிறார். என்ன செய்வது?

அந்தக் கேள்வி எதற்கென்று நம் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். ஒருமுறை தனியாக அழைத்து, சுற்றி வளைக்காமல், இங்கே சாதி கேட்கக் கூடாது என்று சொல்லுங்கள். இரண்டாம் முறை நடந்தால் அனுப்பிவிடுங்கள். கணக்கு ஆசிரியர் கிடைப்பது கடினம் என்ற வாதம் இங்கே செல்லாது. மதப் பிரசாரம், கட்சி வேலை, பிரம்பு ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல். நன்கொடையாளரின் மைத்துனர் என்பதற்காக அளவுகோலை வளைத்தால் மற்ற தன்னார்வலர்கள் கவனிப்பார்கள், பேச மாட்டார்கள், வராமல் போவார்கள்.

அனுப்பும்போது காரணத்தைச் சொல்லி அனுப்புங்கள். "இப்போதைக்கு ஆள் தேவையில்லை" என்ற பொய் அடுத்த மாதம் உங்கள் அடுத்த அழைப்பைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிடும்.

புயல், வெள்ளம் வந்தால் தாமாகவே திரண்டு வருபவர்களை எப்படிச் சமாளிப்பது?

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினம் கரையோரச் சாலைகளில் பழைய துணிகள் குவியல் குவியலாகக் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் புரியும். அன்போடு அனுப்பியவைதான். அள்ளிப்போடத் தனியாக ஆள் தேவைப்பட்டது. அதே நாகையில் தொண்டு நிறுவனங்களும் மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து ஓர் ஒருங்கிணைப்பு மையத்தை அமைத்து, எந்த ஊரில் என்ன குறை, யார் எங்கே போகிறார்கள் என்று பட்டியலிடத் தொடங்கிய பிறகு வேலை ஒழுங்குக்கு வந்தது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டித் தூத்துக்குடி மாவட்டம் தத்தளித்தபோதும் இளைஞர்கள் கேட்காமலே வந்தார்கள்.

வருபவரின் பெயர், கைப்பேசி எண், வீட்டில் தெரிவிக்க வேண்டியவர் எண் ஆகியவற்றை எழுதாமல் யாரையும் களத்துக்கு அனுப்பாதீர்கள். இருவர் இருவராக அனுப்புங்கள். தேங்கிய நீரில் இறங்குபவருக்குக் காலணி வேண்டும். எலிக்காய்ச்சல் பற்றி மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடக்க வேண்டும். நீச்சல் தெரியாதவர் மீட்புக்குப் போகக் கூடாது. அவருக்குப் பொட்டலம் கட்டும் வேலை, தொலைபேசி எடுக்கும் வேலை இருக்கிறது. அது சின்ன வேலையும் அல்ல.

என்னென்ன பதிவேடுகள் வைக்க வேண்டும்?

வருகைப் பதிவு, செலவு வவுச்சர், நடத்தை விதிகளில் பெற்ற கையெழுத்து. சிறிய அறக்கட்டளைக்கு இவை போதும். ஆதார் நகலை வாங்கி மேசை இழுப்பறையில் போட்டுவைக்காதீர்கள். பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தால் போதும். தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. சான்றிதழ் கேட்பவருக்கு எத்தனை மணி நேரம் என்ன செய்தார் என்பதை வருகைப் பதிவைப் பார்த்து எழுதிக் கொடுங்கள். வராத நாளுக்கும் சேர்த்து எழுதச் சொல்லும் கல்லூரி மாணவர் வருவார். வேண்டாம்.

இதையெல்லாம் பார்க்கத் தனியாக ஒரு ஒருங்கிணைப்பாளரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டுமா? தன்னார்வலரே பார்த்துக்கொள்ள மாட்டாரா?

பத்துப் பேர் வரை பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் போனால் சம்பளம் கொடுத்து ஒருவரை வையுங்கள். கதவு திறந்திருப்பதும், நோட்டு எழுதப்பட்டிருப்பதும், இரவு ஒன்பது மணிக்கு மாற்று ஆளைத் தேடுவதும் ஒருவருடைய வேலையாக இருக்க வேண்டும். எல்லோருடைய வேலையாக இருந்தால் நடக்காது. "தன்னார்வத்துக்குச் செலவா?" என்று அறங்காவலர் கூட்டத்தில் கேள்வி வரும். சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், மூன்று மாதம் கழித்து எத்தனை பேர் இருந்தார்கள் என்ற இரண்டு எண்களை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள்.

வெளிநாட்டு நன்கொடையில் சம்பளம் தருவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். 2020இல் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைத்துவிட்டார்கள். உங்கள் ஒருங்கிணைப்பாளர் அந்தக் கணக்கில் வருவாரா, களப்பணியாளராகக் கொள்ளப்படுவாரா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு, அதற்கேற்றபடி நியமனக் கடிதத்தில் அவருடைய வேலையை எழுதுங்கள். முழுநேரத்துக்கு வசதி இல்லையென்றால் வாரத்தில் நான்கு மாலை வரக்கூடிய ஒருவர் போதும். பழைய தன்னார்வலர்களில் ஒருவரை முதலில் கேளுங்கள்.